சங்கத்துக் கரடி

பினாங்கிலிருந்து திரும்புகிறவர்கள் கோடாலித் தைலம் கொண்டுவருவார்கள். பூப்போட்ட சேலை கொண்டுவருவார்கள். கொஞ்சம் வசதிப்பட்டவர்கள் டிரான்சிஸ்டர் ரேடியோவோ தையல் மிஷினோ கொண்டுவருவார்கள். என் வீட்டுக்காரர் ஹாஜா மைதீன் கரடி கொண்டுவந்தார்.

பங்குனி மாத வெயிலில் திருவிடைமருதூர்க் கடைத்தெருவில் எங்கள் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். வைக்கோலைப் பிரித்து, அடித்திருந்த பலகைகளைக் கழற்றினால் ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே தகரத்தில் வெட்டிய காடு, அதன் நடுவே மரத்தில் செய்து பழுப்பு நிறம் பூசிய ஒரு கரடி. நான்கு காலில் நின்றுகொண்டு அது என்னைத்தான் பார்த்தது. தையல் மிஷின், தையல் மிஷின் என்று மூன்று வருஷமாகக் கடிதத்தில் எழுதியவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவர் பினாங்கில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் மெக்கானிக்காக இருந்தார். காசு போட்டு ஆடுகிற மிஷின்களைப் பழுது பார்ப்பது வேலை. பூங்காவை மூடும்போது முதலாளி, உனக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றாராம். பாட்டுப் பெட்டி இருந்திருக்கிறது, எடை பார்க்கிற மிஷின் இருந்திருக்கிறது. இவர் கரடியை எடுத்திருக்கிறார்.

"பன்னெண்டு வருஷமா நான்தான் அதைப் பாத்துக்கிட்டேன் கமரு. வேற ஆளுகிட்ட விட மனசு வரல" என்றார்.

அத்தனை வருஷமாக இங்கே ஒருத்தியை யாரிடம் விட்டுவைத்திருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. வந்த அன்றைக்கே வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டேன். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் பதினோரு மாதம் வரும். பிள்ளை இல்லை. கடுதாசிக்குப் பிள்ளை பிறக்காது.

அவர் என் மாமி மகன்தான். சின்ன வயதிலிருந்து மச்சான் என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அதனால் சண்டை போடத் தெரியும். ஆனால் இருங்கள் என்று சொல்ல மட்டும் எனக்கு வராது. ஒவ்வொரு முறை அவர் கப்பலேறும்போதும் முறுக்கு சுட்டுத் தகரடப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் அழுவேன். அப்படியே பழகிவிட்டது.

இந்த முறை பீரோவில் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். அரசாங்க முத்திரை, அவருடைய பழைய போட்டோ எல்லாம் இருந்தது. மலாயாவுக்குத் திரும்பிப் போவதற்கான பெர்மிட். ஆவணி முதல் வாரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்புகிற கப்பலில் ஏறாவிட்டால் அது காலாவதியாகிவிடும். பிறகு எந்தக் காலத்திலும் அங்கே போய் வேலை பார்க்க முடியாது.

"கரடி நமக்குச் சோறு போட்டா இங்கேயே இருந்துடறேன். போடலன்னா ஆவணில கெளம்பிடணும். என்ன சொல்ற?" என்று கேட்டார்.

"உங்க கரடி, உங்க பெர்மிட்டு. எங்கிட்ட என்ன கேக்குறீங்க" என்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்றிலிருந்து என் எதிரியும் அந்தக் கரடிதான், எனக்கு இருந்த ஒரே கதியும் அதுதான்.

கடைத்தெருவைப் பார்த்த முன்கட்டில் அதை நிறுத்தினார். கப்பலில் உப்புக்காற்று பட்டு உள்ளே ஒயரெல்லாம் பூத்துப் போயிருந்தது. இரண்டு மாதம் குந்திக் குந்திச் சரிசெய்தார். இராத்திரிச் சாப்பாட்டில் எனக்குப் பாடம் வேறு நடக்கும். எதிர்ச் சுவர் ஓரமாக ஒரு கம்பத்தில் துப்பாக்கி நிற்கும். அதில் குண்டு கிடையாது. குழலுக்குள் ஒரு சின்ன பல்பு இருக்கும். விசையை அழுத்தினால் 'டக்' என்று சத்தம் கேட்டு, ஒரு மின்னல் அளவுக்கு வெளிச்சம் பாயும். கரடியின் வயிற்றிலும் இரண்டு விலாவிலும் ஒவ்வொரு கண்ணாடிக் கண் இருக்கும். வெளிச்சம் அதில் பட்டால் போதும், கரடி பின்னங்காலில் எழுந்து நின்று உறுமிவிட்டுத் திரும்பி எதிர்ப்பக்கம் நடக்கும். ஆட்டத்துக்கு இருபது சுடு. எத்தனை பட்டது என்று மேலே எண் ஒளிரும்.

முன்கட்டுக்கும் உள்கட்டுக்கும் நடுவே பச்சைத் திரை. நான் எப்போதும் அதற்கு இந்தப் பக்கம்தான். எங்கள் வீடுகளில் கோஷா வழக்கம், பெண்கள் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டோம். ஊரில் உள்ள எவரும், எந்தச் சாதி, எந்தக் கட்சியாக இருந்தாலும், பாய் வீட்டுத் திரையை ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள். பேசும்போது காற்றில் திரை ஆடினால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை விளையாட்டைத் திறந்தார். கூட்டம் தெருவை அடைத்தது. முதல் ஆள் சுட்டான், டக். கரடி அசையவில்லை. அடுத்தவன் சுட்டான். இருபதும் சுட்டான். கரடி பாட்டுக்கு அன்ன நடை போட்டுக்கொண்டிருந்தது.

"பாய், கரடி நோம்பா?" என்று எவனோ கேட்டான். கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்தது.

கோளாறு மிஷினில் இல்லை, கரண்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்பே குறுவைக்கு நாற்றங்கால் போட்டாக வேண்டும். வயலுக்கு வயல் குழாய் இறக்கிக் கரண்டு மோட்டார் வைத்திருந்தார்கள். அத்தனையும் ஒன்றாக ஓடினால் வீடுகளில் பல்பு பூசணிப்பூப் போல மஞ்சளாக எரியும். துப்பாக்கிக்குள் இருக்கிற சின்ன பல்புக்கு என்ன மிஞ்சும்? வெளிச்சம் கரடியிடம் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். தினமும் ஆறு மணிக்கு அவர் கடையைத் திறப்பார், ஏழு மணிக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தத் தாள் பல்லைக் காட்டியது.

பிறகு ஆனி மாதத்தில் வேலைநிறுத்தம் வந்தது.

சூரியன் கட்சி ஆட்சிக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. நில உச்சவரம்புச் சட்டம் போட்டிருந்தார்கள். மிராசுதார்கள் நிலத்தைச் சமையல்காரன் பேரிலும் வண்டிக்காரன் பேரிலும் எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கம் ஊருக்கு ஊர் கொடி ஏற்றியிருந்தது. கிழக்கே அடிதடி, வழக்கு, போலீஸ் முகாம் என்று கிடந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை. ஆனாலும் டீக்கடைகூட இரண்டாகப் பிரிந்துவிட்டது. மிராசுதார் ஆட்களுக்கு ஒன்று, சங்கத்து ஆட்களுக்கு ஒன்று. கூலியை உயர்த்தாமல் நடவுக்கு இறங்கமாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். நடவு இல்லையென்றால் சேறு அடிக்க வேண்டியதில்லை. சேறு அடிக்காவிட்டால் மோட்டார் ஓட வேண்டியதில்லை.

அன்று மாலை எங்கள் வீட்டுப் பல்பு பளீரென்று எரிந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். முன்கட்டிலிருந்து ஒரு உறுமல் கேட்டது. பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

அதன் பிறகு பன்னிரண்டு நாள் திருவிழாதான். வேலை இல்லாத சனம் எல்லாம் எங்கள் முன்கட்டில் நின்றது. சங்கச் செயலாளர் இராஜாங்கம் வந்தார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டவர். வேலைநிறுத்தத்தில் கஞ்சித்தொட்டி வைக்கத் தன் சைக்கிளை விற்ற மனுஷர். மிராசுதாரின் காரியக்காரர் ஐயாவு என்பவரும் வந்தார். டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காராத இரண்டு பேரும் ஒரே துப்பாக்கிக்கு வரிசையில் நின்றார்கள். பேசிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ஒருவர் குறி தப்பினால் மற்றவர் முகத்தில் சிரிப்பு வரும்.

"இந்தக் கரடி பேருலயும் நாலு மா நெலம் எழுதி வெச்சிருப்பாங்களோ" என்று இராஜாங்கம் பொதுவாகச் சொல்வார்.

"அதுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதுங்க" என்பார் ஐயாவு, கரடியைப் பார்த்தபடியே.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். கூடவே வெட்கம். கொல்லைப் பக்கம் கீரை கொண்டுவரும் செவ்வந்தி நடவுக்குப் போகிறவள். நான்கு நாளாக வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவள் சொன்னாள். அவளுக்கு அரிசி அளந்து கொடுத்துவிட்டு உள்ளே வந்து, இந்த வேலைநிறுத்தம் ஆவணி வரைக்கும் நீடிக்கவேண்டும் என்று துஆ கேட்டேன். கேட்ட வாயை நானே அடித்துக்கொண்டேன். ஆனால் கேட்டது கேட்டதுதானே.

அல்லாஹ் என் பேச்சைக் கேட்கவில்லை. செவ்வந்தியின் பேச்சைக் கேட்டான். பதின்மூன்றாம் நாள் கூலி உயர்ந்தது. ஊரெல்லாம் ஒரே நேரத்தில் நடவு. இருக்கிற மோட்டார் அத்தனையும் இராப்பகலாக ஓடியது. பல்பு மறுபடி பூசணிப்பூ. கரடி மறுபடி அன்ன நடை.

ஐயாவு ஒருநாள் முன்கட்டில் உட்கார்ந்து மச்சானுக்குப் புத்தி சொன்னார். "பாய், இது உங்களுக்குச் சரிப்பட்டு வராது. பேசாம கப்பல் ஏறிடுங்க. இந்த எடத்த நம்ம மிராசுதார் ஐயா உரக்கடைக்கு எடுத்துக்குவாரு. பாயம்மாவுக்கு மாசம் வாடகையும் வந்தாப்புல இருக்கும்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அவருடைய குடுமியைப் பிடித்து ஆட்டவேண்டும் போல இருந்தது. அன்று சாப்பிட்டு முடித்தபின் மச்சான் பீரோவைத் திறந்து பெர்மிட்டை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை திரைக்குப் பின்னால் என் தோடு கழன்று விழுந்துவிட்டது. அந்த மங்கல் வெளிச்சத்தில் எதைத் தேடுவது? மூன்று செல் போடுகிற டார்ச் லைட்டை எடுத்து அடித்தேன். திரையில் எலி கடித்த ஓட்டை ஒன்று உண்டு. வெளிச்சம் அது வழியாக முன்கட்டுக்குப் பாய்ந்தது. கரடி எழுந்து நின்று உறுமியது.

"அடிச்சிட்டேன், அடிச்சிட்டேன்!" என்று வெளியே ஒருவன் கத்தினான்.

தோட்டைக்கூட எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரடிக்கு வெளிச்சம்தான் கணக்கு. அது துப்பாக்கியிலிருந்து வந்ததா, கமருன்னிஸாவிடமிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

அடுத்த நாளிலிருந்து அந்திவேளை மஃரிப் தொழுகை முடிந்ததும் டார்ச்சோடு ஓட்டைக்கு நேரே உட்கார்ந்துவிடுவேன். ஓட்டை வழியாகக் கரடி தெரியும், துப்பாக்கி தெரியாது. 'டக்' என்று கேட்டால் ஒரு மின்னல் வெட்டும் நேரம் விலாவில் அடிப்பேன். கரடி உறுமும். பழைய டார்ச், உள்ளே செல் கடகடவென்று ஆடும். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று நாள்காட்டித் தாளைக் கிழித்துச் செல்லைச் சுற்றி இறுக்கமாக நுழைத்தேன். கூட்டம் திரும்பி வந்தது. "வயரிங்கைக் கொஞ்சம் மாத்தினேன், பாத்தியா?" என்று மச்சான் பூரித்துப் போனார். "உங்க கைராசி" என்றேன். பெர்மிட் பீரோவைவிட்டு வெளியே வரவில்லை.

எல்லாருக்கும் எல்லாச் சுடும் பட்டால் நம்பமாட்டார்கள். அதனால் யாருக்கு எத்தனை என்று நானே முடிவு செய்தேன். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பேன். செவ்வந்தி ஒருநாள் மற்ற நடவுக்காரப் பெண்களோடு வந்து சுட்டாள். அவளுக்குப் பதினெட்டு கொடுத்தேன். கஞ்சித்தொட்டி வைத்த இராஜாங்கம் அண்ணனுக்கு முழுசாக இருபது. ஐயாவுக்கு இரண்டு. கப்பல் ஏறச் சொன்ன வாய்க்கு இரண்டே அதிகம். அப்படிப் பதினெட்டு நாள் திரைக்குப் பின்னால் நான் ஒரு சின்ன அரசாங்கமே நடத்தினேன். அதிகாரம் கையில் இருந்தால் மனுஷிக்கு என்ன புத்தி வரும் என்று எனக்கு இப்போது தெரியும்.

விளைவு என்னவாகும் என்று யோசிக்கவில்லை. ஐயாவு வேட்டைக்குப் போய்ப் பழகியவர், நல்ல குறிக்காரர். அவருக்குத் தினமும் இரண்டு என்றால்? அவரோடு வந்தவர்களுக்கும் நான்கு, ஐந்து. சங்கத்து ஆட்களுக்கோ பதினைந்துக்குக் குறையாமல். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது.

"பாய், உங்க கரடி சங்கத்துல சந்தா கட்டிடுச்சா?" என்று ஐயாவு ஒருநாள் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அடுத்த நாள் அவருடைய ஆட்கள் வரவில்லை. சங்கத்துக் கரடி என்று பெயர் விழுந்துவிட்டது. பாய் கடையில் சங்கத்து ஆட்களுக்குத் துப்பாக்கி சுடப் பழக்குகிறார்கள் என்று தாசில்தாருக்கு மனு எழுதப்போவதாக மிராசுதார் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து நின்ற ஒரே இடம் எங்கள் முன்கட்டு. அதையும் நான் டீக்கடை மாதிரி ஆக்கிவைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் மாலை ஐயாவு தன் ஆட்களோடு வந்து வாசலில் நின்றார். சண்டைக்குத்தான் வந்திருந்தார். ஆனால் முதலில் பேசியவர் இராஜாங்கம்.

"பாய், எனக்கே ஒரு சந்தேகம். வெளக்கு வெச்சிட்டா எதிர்ல வர்றது ஆளா மாடான்னு எனக்குத் தெரியாது. முந்தாநாளு வரப்புன்னு நெனச்சு வாய்க்கால்ல எறங்கிட்டேன். நான் எப்படிங்க இருபதுக்கு இருபது அடிக்கிறேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றார் ஐயாவு. அந்த வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பேச்சைப் பேசியது அப்போதுதான்.

மச்சானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் மிஷின் ஒருத்தருக்கும் ஓரவஞ்சனை செய்யாதுங்க. பாருங்க" என்று சொல்லிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தார்.

டக். நான் அடித்தேன். கரடி உறுமியது. டக். மறுபடி அடித்தேன். மறுபடி உறுமல். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஏன் என்று விளங்கவில்லை. மச்சான் குரல் மெதுவாகக் கேட்டது.

"மொத சுடு மேல உத்தரத்துக்கு. ரெண்டாவது என் கால் கட்டைவிரலுக்கு."

டார்ச்சை மடியில் இறக்கினேன். முன்கட்டில் இருபது முப்பது பேர் நிற்கிறார்கள். எல்லாருக்கும் விளங்கியிருக்கும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரமுடியும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனால் ஒருவர்கூடத் திரையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்தது கரடிக்குப் பக்கத்தில் நின்ற ஐயாவுவின் முகம் மட்டும்தான். சண்டைக்கு வந்த மனுஷர், தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வோல்டேஜ் கோளாறுங்க" என்றார் மச்சான். "ரெண்டு நாளு கடை கெடையாது. சரி பண்ணிட்டுச் சொல்லி அனுப்புறேன்."

"ஆமாங்க, வோல்டேஜ் ரொம்ப மோசம்" என்றார் ஐயாவு.

"எங்க தெருவுலயும் அப்படித்தான்" என்றார் இராஜாங்கம். எல்லாரும் போய்விட்டார்கள்.

அவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். டார்ச் என் மடியில் கிடந்தது. எதிரே தரையில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"எத்தன நாளா?"

"பதினெட்டு நாளா."

"பினாங்குல சீனன், மலாய்க்காரன், வெள்ளக்காரன்னு எத்தனையோ பேரு வந்து சுட்டான். ஹாஜா மைதீன் மிஷின் பொய் சொல்லுதுன்னு ஒருத்தன் சொன்னதில்ல கமரு."

"மிஷின் பொய் சொல்லல. நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

அந்த 'ஏன்' என்னால் தாங்க முடியவில்லை. பதினான்கு வருஷமாகக் கிணற்றடியில் கொட்டியது அத்தனையும் வாயில் வந்துவிட்டது. "ஏன்னா கேக்குறீங்க? கரடி சோறு போட்டாதான் இருப்பேன்னு சொன்னது யாரு? அது போடல. அதான் நான் போட்டேன். நான் சொல்லி எந்த நாளு நீங்க இருந்திருக்கீங்க? கரடி சொன்னா இருப்பீங்க. அதான் கரடிய சொல்ல வெச்சேன்!"

"நீ சொன்னியா கமரு? இருன்னு ஒரு தடவ சொல்லியிருக்கியா?"

வாயைத் திறந்தேன். யோசித்துப் பார்த்தேன். எழுதிய கடிதங்களில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இருந்தது, மழை பெய்தது என்று இருந்தது, தையல் மிஷின் இருந்தது. அது இல்லை. ஒன்றில்கூட இல்லை.

"இருங்க மச்சான்" என்றேன். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். முப்பத்திரண்டு வயதில் எனக்கு அப்படி ஒரு வெட்கம்.

அவர் என் மடியிலிருந்த டார்ச்சை எடுத்து மூடியைத் திருகினார். மூன்று செல்லும் கையில் விழுந்தன, கூடவே நாள்காட்டித் தாளும்.

"இது என்ன?"

"அது இல்லன்னா செல் ஆடும். கடகடன்னு சத்தம் வரும்."

தாளை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, டார்ச்சையும் எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது துப்பாக்கி பாயில் துண்டு துண்டாகக் கிடந்தது. கட்டையைக் குடைந்து என் டார்ச்சின் குழாயை அறுத்து அதற்குள் இறக்கிக்கொண்டிருந்தார். பல்புக்குக் கரண்டு இனிமேல் வீட்டு ஒயரிலிருந்து வராது, செல்லிலிருந்து வரும். ஊர் மோட்டார் எல்லாம் ஓடினாலும் வெளிச்சம் குறையாது. "கரடி நடக்குறதுதான் கொஞ்சம் மெதுவா இருக்கும். வயசான கரடின்னு சொல்லிக்கலாம்" என்றார். இந்தத் திருடி கொடுத்த யோசனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் தலைமுடியில் மரத்தூள் ஒட்டியிருந்தது. தட்டிவிடவேண்டும் போல இருந்தது. தட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் சொல்லி அனுப்பினார். இரண்டு பக்கத்து ஆட்களும் வந்தார்கள். இராஜாங்கம் இருபது சுட்டார். இருபதும் பாழ். ஒன்றுகூடக் கரடிக்குப் பக்கத்தில் போகவில்லை.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! ஒண்ணுகூட படல!" என்று தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி எல்லாரிடமும் சொன்னார். "இதுதாங்க என் லட்சணம்."

ஐயாவு பதினாறு அடித்தார். கடைசிச் சுடுக்கு அவருடைய ஆட்களோடு சேர்ந்து இராஜாங்கமும் கைதட்டினார். போகும்போது ஐயாவு வாசலில் நின்று, திரைப் பக்கம் பாராமலே, "பாயம்மா, வோல்டேஜ் இப்ப நல்லா இருக்குங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவருடைய குடுமியை மன்னித்துவிட்டேன்.

எல்லாம் சரிதான். ஆனால் மச்சான் மட்டும் வாய் திறக்கவில்லை. இருங்க என்று சொன்னேனே, அதற்குப் பதில் எங்கே? கரடி நன்றாக ஓடியது. ஆனால் நன்றாக என்றால் எவ்வளவு நன்றாக? பினாங்குச் சம்பளத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம்? மறுபடி கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அந்தத் தாளைப் பார்க்கப் பயந்து பீரோவையும் திறக்கவில்லை. ஆவணி பிறந்தது. கப்பல் நாள் வந்தது. சரக்கு வாங்கக் கும்பகோணம் போகிறவர் மாதிரி அன்று காலை அவர் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டார்.

"துப்பாக்கில செல் தீந்துபோச்சு. புதுசு அலமாரில இருக்கு, மாத்தி வெச்சிடு" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தேன். பெர்மிட் இல்லை. துணிகளை எல்லாம் உதறினேன். பத்திரங்களுக்கு அடியில் பார்த்தேன். இல்லை. பத்தேகால் இரயிலைப் பிடித்தால் கப்பலுக்குச் சரியாகப் போய்விடலாம். முறுக்குகூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். பெட்டியை முன்னாடியே எங்கேயோ கொடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். முகத்துக்கு முன் சொல்லத் தைரியமில்லாமல் செல் மாற்று என்கிறாரே மனுஷர் என்று ஆத்திரமாக வந்தது. அழக் கிணற்றடிக்குப் போகவில்லை. திரையை ஒரே இழுப்பில் விலக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போய், அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கி எடுத்தேன். செல் மாற்றத்தான் எடுத்தேனா, கரடி தலையில் போட எடுத்தேனா என்று இன்றைக்கும் தெரியாது.

கட்டையின் அடியில் இருந்த மூடியைத் திருகினேன். செல் விழவில்லை. இறுக்கமாக இருந்தது. விரலை விட்டு இழுத்தேன். செல்லைச் சுற்றியிருந்த தாளோடு சேர்ந்து வந்தது. நாள்காட்டித் தாள் இல்லை, தடித்த தாள். பிரித்தேன். அரசாங்க முத்திரை இருந்தது. மூலையில் மீசை அரும்பிய என் மச்சான், பதினான்கு வருஷத்துக்கு முந்தைய முகத்தோடு என்னைப் பார்த்தார்.

துப்பாக்கியைக் குடைந்த அந்தக் காலையிலேயே வைத்திருக்கிறார். கடை மறுபடி திறந்ததிலிருந்து ஊரே அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுட்டிருக்கிறது. பதினாறு நாளாக நான் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன். ஒரு வார்த்தை, வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? பதினான்கு வருஷம் நான் சொல்லாததற்குப் பதினாறு நாள் பழிவாங்கினாரா, அவருக்கும் என்னைப் போலவே சொல்ல வரவில்லையா? கரடியின் கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு சத்தம் போட்டு அழுதேன். கடைத்தெருக் கதவு திறந்திருந்தது. யாருக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்றிருந்தது.

பத்தேகால் இரயில் ஊதிக்கொண்டு ஸ்டேஷனைக் கடந்து போனது. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சான் கையில் பக்கோடாப் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், மடியிலிருந்த தாளைப் பார்த்தார்.

"செல் மாத்திட்டியா?" என்றார்.

"மாத்துறேன்" என்றேன்.

புதுச் செல்களை அடுக்கி, அந்தத் தாளை இறுக்கமாகச் சுற்றித் திரும்ப உள்ளே நுழைத்தேன். அது இல்லாவிட்டால் செல் ஆடும்.